பிரேக் பிடிக்கல

புரவலரின் வண்டி அன்று எப்படி நின்றது என்பது பற்றித் தெருவில் இரண்டு கட்சி உண்டு. சுவர் நிறுத்தியது என்பது ஒரு கட்சி. சுவர் கொஞ்சம்தான் நிறுத்தியது, மீதியை நிறுத்தியது கல்வெட்டு என்பது இன்னொரு கட்சி. பிரேக் நிறுத்தியது என்று சொல்ல மட்டும் ஆளில்லை.

அந்தக் கல்வெட்டில் புரவலரின் பெயருக்கு முன்னால் ஏழு பட்டங்கள் வெட்டப்பட்டிருந்தன. பழைய கார் அன்பர் சங்கத்துக்கு அவர் முதன்முதலில் கொடுத்தது ஒரு மரப்பெஞ்சு. உபயம் இன்னார் என்று எழுத உட்கார்ந்தவனுக்கு முதுகுப் பலகை போதாமல், கடைசி மூன்று எழுத்துகள் பெஞ்சின் காலில் போய் இறங்கின. அதற்குப் பிறகு ஊர் அவரைச் சுருக்கமாகப் புரவலர் என்று கூப்பிட ஆரம்பித்தது. அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

சங்கக் கட்டடத் திறப்பன்று, "எல்லாரும் கத்திரிக்கோலால நாடா வெட்டுவாங்க, நான் வண்டியோட மூக்கால வெட்டுறேன்" என்றார். வெட்டினார். நாடா, வரவேற்பு வளைவு, சுற்றுச்சுவர், கல்வெட்டு எல்லாம் ஒரே வெட்டில் போயின. கல் இரண்டாகப் பிளந்து, பட்டங்கள் ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமுமாக விழுந்தது. புரவலருக்கு ஒரு கீறல் இல்லை. இறங்கி, கோட்டில் படிந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டு, செயலாளர் கையிலிருந்த மைக்கை வாங்கி இரண்டே சொல் சொன்னார்.

"பிரேக் பிடிக்கல."

அவர் ஆற்றிய உரைகளில் மிகச் சிறியது அதுதான். அதிகச் சேதம் செய்ததும் அதுதான்.

ஏனென்றால் அந்த வண்டிக்குப் பிரேக் போட்டுக் கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பிரேக்காரர். அவர் பிரேக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறதே, கொஞ்சம் பாருங்களேன் என்றால், காது கேட்காதவர் போல டயரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரேக் சரியாக இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால், வாகனப் பரிசோதனை அலுவலகம் மறுபேச்சில்லாமல் வண்டியைச் சாலைக்கு விடும். அந்த அதிகாரத்துக்கு அடையாளமாகப் பட்டறை வாசலில் ஒரு பச்சைப் பலகை பதினேழு வருஷமாகத் தொங்கியது.

உண்மையில் நடந்தது இது. புரவலரின் வண்டி, பாட்டன் காலத்துப் பெட்டிக் கார். அதன் கூரையைத் தாழ்த்தி, மூக்கை நீட்டி, அடங்காத பெரிய எஞ்சின் ஒன்றை உள்ளே திணித்திருந்தார்கள். இந்த மாதிரி வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர், தெருவில் ராட்டு. எஞ்சினுக்கும் ஓட்டுகிறவரின் கால் பக்கத் தகரத்துக்கும் நடுவில், இருந்த கொஞ்ச இடத்தில் பிரேக்காரர் பூஸ்டர் என்னும் உருண்டை டப்பாவைப் பொருத்தியிருந்தார். கால் மிதிக்கிற பலத்தை நாலு பங்காக்கிக் கொடுப்பது அதன் வேலை. புரவலரோ ஆறு மாதத்தில் அந்த எஞ்சினும் போதாதென்று இன்னும் பெரியதாக ஒன்றை வாங்கினார். அதன் தலையில் கண்ணாடி போல மின்னும் குரோமிய மூடி. பூஸ்டர் இடித்தது. யாரையோ வைத்து அதைக் கழற்றி எறிந்துவிட்டார். பிரேக்காரருக்குச் சொல்லவில்லை. பூஸ்டர் இல்லாத மிதியை எட்டி உதைக்க வேண்டும். புரவலர் அன்று ஒரு கையைக் கூட்டத்துக்கு ஆட்டிக்கொண்டு, சிம்மாசனத்தில் சாய்கிற மாதிரி சாய்ந்துகொண்டு, பெருவிரலால் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

இதையெல்லாம் பரிசோதனை அதிகாரி வண்டியைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் புரவலர் அனுப்பிய புகார்க் கடிதத்துக்குத் தங்க விளிம்பு இருந்தது. தங்க விளிம்புள்ள கடிதத்தைச் சந்தேகப்படும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. வந்தார், பச்சைப் பலகையின் நாலு திருகாணியையும் கழற்றினார், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். சுவரில் நீள்சதுரமாக ஒரு துண்டு பழைய சுண்ணாம்பு மட்டும் வெயில்படாத தோல் மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் ஐந்து மாதம் அந்தப் பட்டறையில் ஒரு லாரி நிற்கவில்லை.

பட்டறையின் மறுபாதி பிரேக்காரர் மனைவியுடையது. அவள் கார் சீட்டுக்கு உறை தைப்பவள். பிரேக்காரர் ஒரு வாரத்தில் பேசுவதை அவள் ஒரு சீட்டுக்கு நூல் கோக்கும் நேரத்தில் பேசி முடிப்பாள். அந்த ஐந்து மாதமும் அவள் ஊசியைத் துணியில் இறக்கும்போதெல்லாம் புரவலரின் ஏதாவது ஒரு பாகத்தை நினைத்துக்கொண்டுதான் இறக்கினாள். தையல் கெட்டியாக விழுந்தது என்று வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள்.

வீட்டில் மூன்றாவது ஆள் பிரேக்காரரின் அக்கா. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு இலக்கணம் என்றே பெயர். வருகிற அழைப்பிதழை எல்லாம் சிவப்பு மையால் திருத்தி அனுப்பியவருக்கே திருப்பிக் கொடுப்பார். அதனால் அந்த வீட்டுக்கு அழைப்பிதழ்கள் வருவது குறைந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை, புழுதிக் காற்று பட்டறைத் தகரத்தைத் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்த பகலில், ராட்டு வந்து வாசலில் நின்றது. நின்றது என்பது மரியாதைக்காக. வாசலுக்கு நாற்பது அடி முன்னாலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, செயலாளர் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, மணல்மேட்டில் ஏறி ஓய்ந்தது.

புரவலர் இறங்கினார். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி.

"என்னப்பா, சௌக்கியமா?"

பிரேக்காரர் டயரைப் பார்த்தார். அவர் மனைவிதான் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள்.

"ரொம்ப சௌக்கியம்ங்க ஐயா. ஈ ஓட்டக் கூட ஆள் வேணும்னு தேடிக்கிட்டு இருக்கோம். என்ன இந்தப் பக்கம்? இன்னும் ஏதாவது சுவரு பாக்கி இருக்கா?"

புரவலர் சிரித்தார். கிண்டல் தனக்கானது என்று புரியாத ஆட்களின் சிரிப்பு அது. நல்ல திறந்த சிரிப்பு. செயலாளர்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அடுத்த மாசம் ஊர்வலம்மா. மேட்டு மண்டபத்துலேர்ந்து கீழ சந்தை வரைக்கும். முப்பத்தாறு வண்டி. ஐயா வண்டிதான் முன்னாடி. பிரேக் சான்று இல்லாம சரிவுல இறங்கக் கூடாதுன்னு ஆபீசர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அவரே வந்து சோதிச்சுப் பாத்துத்தான் குடுப்பாராம்."

"ஊர்ல வேற பட்டறையே இல்லையா?"

"ஆறு பட்டறை பாத்தாச்சு. எல்லாரும் இடமில்லைங்கறாங்க."

"அவ்வளவு வேலையா அவங்களுக்கு?"

"பட்டறையில இல்லம்மா. எஞ்சின் பக்கத்துல."

பிரேக்காரர் அதற்குள் வண்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். எஞ்சினுக்கும் பின்னாலிருக்கிற தகரத்துக்கும் நடுவில் நாலு விரலை நுழைத்தார். ஐந்தாவது விரல் போகவில்லை. பூஸ்டர் இருந்த இடத்தில் நாலு துளைகள் மட்டும் இருந்தன.

"இதக் கழட்டினது யாரு?" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

"அது கிடக்கட்டும்பா. குரோமிய மூடி மேல நிழல் விழுந்துச்சு. போட்டோவுல அசிங்கமா இருந்துச்சு," என்றார் புரவலர். "நீ செஞ்சு குடு. செஞ்சா உன் பலகை விஷயமா யோசிக்கலாம்."

"யோசிக்கறதா?" என்றாள் மனைவி. "பொய்ப் புகார் எழுதிக் குடுத்துட்டு இப்ப யோசிப்பீங்களா?"

"என்னம்மா பொய்? நான் என்ன சொன்னேன்? பிரேக் பிடிக்கலைன்னு சொன்னேன். பிடிக்கல. சுவத்தக் கேளு."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. இலக்கணம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரேக்காரர் வண்டி மூடியை மெதுவாக இறக்கிவிட்டு, "வண்டிய விட்டுட்டுப் போங்க ஐயா," என்றார்.

மதியம் சோற்றைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பருப்பும் அவித்த முட்டையும். மனைவி முட்டையை உரித்த விதத்தில் முட்டை யாராக நினைக்கப்பட்டது என்று தெரிந்தது.

"ஒரே ஒரு நட்டு," என்றாள். "அரை சுத்து லூசா விடுங்க. சரிவுல இறங்கும்போது தானா வேலை முடிஞ்சிடும்."

"மாட்டேன்."

"ஏன்? அவரு மேல என்ன பாசம்?"

"ஆள் எப்படியோ போகட்டும். பிரேக் என்னோடது."

"கேளுங்க அண்ணி, உங்க தம்பி பேசறத! அஞ்சு மாசமா வாசல்ல ஒரு சக்கரம் உருளல. கடைக்குப் போனா, 'பிரேக் பிடிக்காத வீட்டம்மா வராங்க, ஒதுங்குங்க'ன்னு வழி விடறானுங்க. எனக்கு மட்டும் இது விளையாட்டா?"

இலக்கணம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சாகடிக்கறது எல்லாம் வேண்டாம்மா. செத்தா இரங்கல் கூட்டம் போடுவாங்க. ஏழு பட்டத்தையும் ஒவ்வொருத்தனும் எந்திரிச்சு எந்திரிச்சு வாசிப்பான். உக்காந்து கேக்க முடியுமா உன்னால?"

மனைவி யோசித்தாள். முடியாது என்றுதான் பட்டது.

"அவன் சொன்ன வாக்கியத்தை ஒருக்கச் சொல்லு."

"பிரேக் பிடிக்கல."

"யாரு பிடிக்கல?"

"பிரேக்குதான்."

"ஏன், அவனா இருக்கக் கூடாதா? நான் பிரேக் பிடிக்கல. அவன் பிரேக் பிடிக்கல. பிரேக்கே பிடிக்கல. எனக்குப் பிரேக்கையே பிடிக்கல. எல்லாத்துக்கும் அதே பிடிக்கலதானே? நம்ம பேச்சுல ஒண்ணு இல்லைன்னு சொல்லும்போது ஆளு உள்ள ஒளிஞ்சுக்கலாம். தோன்றா எழுவாய். ஆபீசரும் எழுவாய் யாருன்னு கேக்காமலே பலகையக் கழட்டிட்டான். அவனுக்கு நான் பாடம் நடத்தலைங்கறது நல்லாத் தெரியுது."

"அதனால என்ன அண்ணி இப்ப?"

"இல்லைன்னாத்தான் ஒளியலாம். ஆமான்னு சொன்னா ஒளிய முடியாது. பிடிச்சுச்சுன்னா பிரேக்கு. பிடிச்சேன்னா அவன். சொல்லோட வாலைப் பாத்தாலே ஆள் தெரிஞ்சுபோகும். அவன் வாயால மைக்குல 'பிடிச்சேன்'னு வரணும். ஆபீசர் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

"அவரு எதுக்குச் சொல்றாரு?"

"வண்டி நல்லா நின்னுச்சுன்னா, அந்தப் பெருமைய அவன் ஒரு பிரேக்குக்கு விட்டுக் குடுப்பானா?"

மனைவி முட்டையைக் கீழே வைத்தாள். முதன்முதலாக அந்த மதியம் அவள் முகத்தில் பசி வந்தது.

ஆக, பழிவாங்குகிற வேலை கடைசியில் பிரேக்காரர் தலையில்தான் விழுந்தது. பழி சரியாக முடிய வேண்டுமானால், ஊரிலேயே எந்த வண்டிக்கும் இல்லாத பிரேக் அந்த வண்டிக்கு வேண்டும். நல்ல வேலை செய்வதைத் தவிர வேறு துரோகம் தெரியாத மனிதருக்கு இது தோதாகவே இருந்தது.

மூன்று வாரம் வேலை நடந்தது. காற்று ஓய்ந்து மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை இரைய, பிரேக்காரர் ராட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எஞ்சின் பக்கம் பெரிய பூஸ்டரை வைக்க இடமில்லை. சின்னதை வைத்தால் பலம் போதாது. சின்ன டப்பாவுக்குள்ளேயே இரண்டு ரப்பர் தோல் வைத்த இரட்டை பூஸ்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் உறிஞ்சுகிற மூச்சில். இந்த எஞ்சினோ குறட்டை விடுகிற ஆள் மாதிரி. மூச்சு வரும், நடுவில் நின்று போகும், பயந்து எட்டிப் பார்த்தால் மறுபடி வரும். அதனால் மூச்சைச் சேர்த்துவைக்க ஓர் இரும்பு உருளை வேண்டியிருந்தது. பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற பம்பில் குண்டானதை எடுத்துவிட்டு ஒல்லியானதைப் போட்டார். ஒல்லிக் குழாயில் தள்ளினால் அழுத்தம் கூடும். ஆனால் அதிக தூரம் தள்ள வேண்டும். மிதிக் கம்பியையும் நீட்டினார். அதிலும் அதே கதை: பலம் கூடும், கால் நெடுக இறங்க வேண்டும்.

புரவலர் மூன்றாம் நாள் குடையோடு வந்தார்.

"எங்கப்பா என் ஐஸ்பெட்டி?"

சீட்டுக்குப் பக்கத்தில் குளிர்பானம் வைத்துக்கொள்ள அவர் செய்துவைத்திருந்த பெட்டி, வாசலில் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்த இடத்துல உருளை வருது ஐயா."

"தாகம் எடுத்தா?"

"வண்டிய நிறுத்திட்டுக் குடிங்க. இப்பத்தான் நிக்குமே," என்றாள் மனைவி.

அடுத்த வாரம் வந்தார். மூன்று பித்தளை ஹாரன்கள் மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன.

"ஹாரன் கூடவா இடைஞ்சல்?"

"குழாய் அந்த வழியாத்தான் போகணும் ஐயா."

"நான் வரேன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களத் தெரியாதவங்க யாருங்க ஐயா இருக்கா?" என்றாள் மனைவி. புரவலர் அதை ஒப்புக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம்தான் சீட்டு விஷயம் வந்தது. பிரேக்காரர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னார். "எஞ்சின் பக்கம் நாலு விரல்தான் இருக்கு. பூஸ்டரை உங்க சீட்டுக்குக் கீழதான் வைக்கணும். தரை மேல எழும்பும். சீட்டு ஏழு விரல் முன்னாடி வரணும். முதுகும் நிமிரணும்."

"நான் சாஞ்சு உக்காந்துதானேப்பா ஓட்டுவேன்?"

"சாஞ்சா மிதி எட்டாது ஐயா. நெடுக இறங்குற மிதி."

"எனக்கு நீளமான காலு."

"பிரேக்குக்கு அது தெரியாது ஐயா."

செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். புரவலர் வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். ஊர்வலமா, சாய்மானமா என்ற கேள்வி அவருக்குள் ஓடியது வெளியிலேயே தெரிந்தது. ஊர்வலம் ஜெயித்தது.

"செய்யுங்க," என்றார், ஒரு நாட்டை விட்டுக்கொடுப்பவர் போல.

அந்தச் சிவப்புத் தோல் சீட்டு பிரேக்காரர் மனைவியே நல்ல காலத்தில் தைத்தது. முதுகில் இரண்டு அங்குலப் பஞ்சு வைத்து, அதன்மேல் புரவலரின் பெயரெழுத்து மூன்றைத் தங்க நூலில் பின்னியிருந்தாள். பதினொரு நாள் வேலை. இப்போது இடம் வேண்டும். பஞ்சு போக வேண்டும். எழுத்தும் போக வேண்டும். தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். கத்திரியால் இரண்டு வெட்டில் முடிகிற வேலை. அவள் ஒவ்வொரு தையலாக, நிதானமாக, ஒன்றைக்கூட அறுக்காமல் உருவினாள். மாலைவரை ஆனது. தேநீர் ஆறிப்போனது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "முதல் எழுத்துல கொம்பு பிழையாத்தான் போட்டிருந்தே," என்றார்.

"தெரியும் அண்ணி. அவருக்குத் தெரியலையே."

சோதனை சனிக்கிழமை காலை, சங்கத்து முற்றத்தில். இடிந்த சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பூச்சு இன்னும் ஏறவில்லை. அதிகாரி சுவருக்கு முப்பது அடி முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். வண்டி முற்றத்தின் மறுகோடியிலிருந்து வேகமாக வந்து, கோட்டில் பிரேக் போட்டு, சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும். அன்பர்கள் முப்பது பேர் ஓரமாக நின்றார்கள். செயலாளர் பழக்க தோஷத்தில் மைக் கொண்டுவந்திருந்தார்.

வண்டி புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால், பிரேக்காரர் மனைவி முற்றத்தின் குறுக்கே நடந்து போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். நாத்தனார் போய்ப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, தள்ளுங்க! இது சோதனை," என்று கத்தினார் அதிகாரி.

"அதான் நிக்கறோம்," என்றாள் மனைவி. "என் வீட்டுக்காரர் போட்ட பிரேக்கு. எங்களுக்குத் தெரியும்."

பிரேக்காரர் ஓடிப்போய் இழுத்து வரலாம் என்று ஓர் அடி வைத்தார். மனைவி அங்கிருந்தே தலையை ஆட்டினாள்: வராதே. அவர் நின்றார். பிரேக் அவருடையதுதான், ஆனால் மிதிக்கிற கால் அந்த ஆளுடையது. அதை அவரால் திருத்த முடிந்ததில்லை. பெருவிரலால் மறுபடி தொட்டுப் பார்த்தால்?

ராட்டு உறுமியது. புரவலர் நிமிர்ந்து, மூக்கு ஸ்டியரிங்கைத் தொட, வந்தார். கோடு வந்தது. சாயவும் முடியாமல் கையாட்டவும் முடியாமல், வேறு வழியில்லாமல் அவர் கால் நெடுக இறங்கியது.

வண்டி நின்றது. சறுக்கவில்லை, கீச்சிடவில்லை. யாரோ காதைப் பிடித்து நிறுத்தின மாதிரி நின்றது. புரவலரின் கறுப்புக் கண்ணாடி மட்டும் நிற்காமல் கொஞ்ச தூரம் போனது. அதிகாரி அளவு நாடாவை விரித்தார். சுவருக்குப் பதினோரு அடி பாக்கி.

அன்பர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் புரவலருக்கு மைக் வேண்டும். வாங்கினார்.

"பாத்தீங்களா! என்ன வேகம்! சரியா அந்தக் கோட்டுல பிடிச்சேன் பாருங்க, அங்கதான் இருக்கு விஷயம்!"

"யாரு பிடிச்சது?" என்றார் இலக்கணம், சுவரடியிலிருந்து. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

"நான்தாம்மா! வேற யாரு?"

"பிரேக்கு தானாப் பிடிக்கலையா?"

"பிரேக்கு எப்படிம்மா தானாப் பிடிக்கும்?" புரவலர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "நாமதான் காலை வெச்சுப் பிடிக்கணும். பிடிச்சா நிக்கும். பிடிக்கலைன்னா எப்படி நிக்கும்?"

"சரிதான். அன்னிக்கு யாரு பிடிக்கல?"

மைக் மெல்ல விசிலடித்தது. புரவலர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் முற்றத்திலிருந்த எறும்பைப் பார்த்தார். அதிகாரி நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, வண்டி மூடியைத் தூக்கி, பழைய நாலு துளைகளை விரலால் தடவினார்.

"இங்க ஒரு பூஸ்டர் இருந்திருக்கே. கழட்டினது யாரு?"

"நிழல் விழுந்துச்சு," என்றார் புரவலர். மைக்கில். மைக்கைக் கீழே இறக்கும் பழக்கம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. "போட்டோவுல..."

கூட்டத்தில் யாரோ முதலில் மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் முப்பது பேரும் வாயால் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. எழுவாயைக் கேட்காமல் விட்டவர் சிரிக்க முடியாது. பேனாவை எடுத்தார்.

திங்கட்கிழமை பச்சைப் பலகை வந்தது. செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, தங்க விளிம்பு. 'நமது புரவலர் அவர்கள் பிரேக் தொழிலாளரைப் பெருந்தன்மையுடன் மன்னித்துத் தமது புகாரைத் திரும்பப் பெறுகிறார்கள்.' இலக்கணம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடினார்.

"மன்னிக்கறாராம்!" என்றாள் மனைவி. "பலகை வந்துச்சு. அஞ்சு மாசம் வருமா? ஒரு நாள் சிரிச்சாங்க, முடிஞ்சுபோச்சு. ஊர்வலத்துல மறுபடி அவருதானே ராஜா? எனக்கு ஆறலீங்க. அந்த ஒரு நட்டை நீங்க விட்டிருக்கணும்."

பிரேக்காரர் ஒரு லாரியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் செயலாளர் ஓடி வந்தார். சீட்டை நாளைக்கு ஒரு நாள் மட்டும் பின்னால் தள்ளிக் கொடுக்க முடியுமா என்று கேட்டு. பிரேக்காரர் சான்றின் நகலை எடுத்துக் காட்டினார். சீட்டு இப்போதுள்ள இடத்திலிருந்து நகர்ந்தால் சான்று செல்லாது என்று அதிகாரி இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்.

மறுநாள் மூன்று பேரும் சரிவுச் சாலையின் நடுவில் ஒரு மரத்தடியில் போய் நின்றார்கள். மழை விட்டுச் சாலை கழுவிவிட்டது போல இருந்தது. முப்பத்தாறு வண்டிகள் மேலிருந்து இறங்கின. முதலில் ராட்டு.

புரவலர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி எழும்பி நின்றன. மோவாய் ஸ்டியரிங்மேல். முழங்கைக்கு இடமில்லாததால் இரண்டு கையையும் மார்போடு ஒட்டிப் பிடித்திருந்தார். கையாட்ட ஒரு கையை எடுத்தார். வண்டி சரிவில் லேசாக ஒருபக்கம் விலக, பதறித் திரும்ப வைத்தார். பின்னால் வந்த முப்பத்தைந்து வண்டிக்காரர்களும் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் ஓட்டி, மறுகையைத் தாராளமாக ஆட்டிக்கொண்டு வந்தார்கள்.

"முன்னாடி போறவருக்கு எல் போர்டு மாட்டலையா?" என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"இன்னைக்குத்தான் முதல் பாடம்போல," என்றான் இன்னொருவன். "பாவம், வயசான காலத்துல கத்துக்கறாரு. ஊக்கப்படுத்துங்கப்பா."

ஜனங்கள் ஊக்கப்படுத்தினார்கள். சரிவு முழுக்க ஊக்கப்படுத்தினார்கள். "பதறாதீங்க ஐயா!" "கிளட்ச், கிளட்ச்!" "நேராப் பாத்து ஓட்டுங்க!" ஒவ்வொரு வளைவிலும் புரவலர் பிரேக் பிடித்தார், ஒவ்வொரு முறையும் வண்டி அற்புதமாக நின்றது, ஒவ்வொரு முறையும் மூக்கு ஸ்டியரிங்கைத் தொட்டு வந்தது. நாலு கிலோமீட்டர்.

பிரேக்காரர் மனைவி மரத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணீர் வழியச் சிரித்தாள். இலக்கணம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வண்டியும் வளைவில் மறைந்த பிறகு, மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். ஏதோ ஒன்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏங்க... பூஸ்டர் வைக்க நிஜமாவே வேற இடம் இல்லையா?"

பிரேக்காரர் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு."

"எங்க?"

"பின்னாடி டிக்கியில. ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கலாம். குழாயை மட்டும் நீளமா இழுத்தா போதும். ஒல்லிப் பம்பும் வேண்டாம், நீள மிதியும் வேண்டாம். அரை நாள் வேலை."

"அப்ப சீட்டு?"

"சீட்டைத் தொடவே வேண்டியதில்ல."

மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தம்பியைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருஷமாகத் திருத்தம் தேவைப்படாத ஆள் என்று அவர் எண்ணியிருந்த தம்பி.

பிரேக்காரர் நகத்திடுக்கிலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே, "பசிக்குது. வீட்டுக்குப் போலாமா?" என்றார்.